மூணு புள்ளி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இது போன வருஷத்து டைரி. சிவகாசியில் லோடு ஏற்றப் போன இடத்தில் யாரோ பிரஸ்காரர் அப்பாவிடம் சும்மா கொடுத்தாராம். தேதியெல்லாம் சரி, கிழமை மட்டும் பொய். அச்சடித்த கிழமையை அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்ள வேண்டும். "பொய் சொல்ற டைரிக்கு ஏத்த ஆளு நீதான், வச்சுக்க" என்று கொடுத்துவிட்டு அப்பா நாக்பூருக்கு லாரி ஏறிவிட்டார்.

என் பெயர் பொற்கொடி. பதினொன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பொறிவெடி. காரணப் பெயர்.

இன்றைய சாதனை: இந்திராணி அத்தையின் ஸ்கூட்டி முதுகில் 'விற்பனைக்கு' என்று எழுதி, அத்தையின் போன் நம்பரையும் போட்டு ஒட்டினேன். சாயங்காலத்துக்குள் ஏழு பேர் விலை கேட்டுவிட்டார்கள். ஏழு பேருக்கும் ஏழு விதமாகத் திட்டு விழுந்தது. யார் ஒட்டியது என்று இன்னும் துப்புத் துலங்கவில்லை.

அத்தை அப்பாவின் அக்கா. கல்யாணம், வளைகாப்புக்குச் சீர்ப் பலகாரம் ஆர்டர் எடுப்பவள். அடுப்பும் அண்டாவும் அவளுடையது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையும் அம்மாவின் கையும் எங்களுடையது. அம்மா சுடுகிற அதிரசத்துக்கு ஊருக்குள் தனி மதிப்பு. "என் தம்பி பொண்டாட்டி கை, அம்புட்டுச் சுத்தம்" என்று சொல்லித்தான் அத்தை ஆர்டர் பிடிப்பாள். சுத்தம் சோறு போடும் என்பார்கள். எங்கள் வீட்டில் அதிரசம் போடும்.

வீட்டுக்குத் தூரமானவள் பாகைத் தொட்டால் அதிரசம் எண்ணெயில் விழுந்ததுமே பிரிந்துபோகும் என்பது அத்தையின் விஞ்ஞானம். அதற்காகக் கொட்டகைச் சுவரில் ஒரு மாதக் காலண்டர். அந்த நாட்களில் அம்மா பென்சிலால் புள்ளி வைப்பாள். அத்தை வந்தால் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் காலண்டரைத்தான் பார்ப்பாள். புள்ளி இல்லாத நாளாகப் பார்த்துப் பாகுக்கு நாள் குறிப்பாள். மாதம் தவறாமல் மூணு புள்ளி. இந்த மாதம் 1, 2, 3.

"இன்னும் ரெண்டு புள்ளி வச்சா கோலமே போட்டுரலாம்மா" என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

ஆடிப்பெருக்கு அதுவுமாக அதே மெரூன் நைட்டி. அந்த நைட்டிக்குப் பென்ஷனே கொடுக்கலாம், அவ்வளவு உழைக்கிறது. இன்று முதல் அதற்கு வருகைப் பதிவேடு ஆரம்பிக்கிறேன். அம்மா அதைப் போடுகிற நாளெல்லாம் டைரி ஓரத்தில் 'மெ'. வருஷக் கடைசியில் சான்றிதழ் வழங்கப்படும்.

மெ.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாவு டப்பாவுக்குள் ரப்பர் பல்லி வைத்தேன். அம்மா திறந்தாள், பார்த்தாள், எடுத்து என் கையில் கொடுத்தாள். ஒரு அலறல்கூட இல்லை.

இது நியாயமே இல்லை. போன வருஷம் இதே பல்லியை என் டிபன் பாக்ஸில் தயிர்சாதத்துக்கு மேல் படுக்க வைத்து எனக்கே திருப்பி அனுப்பியவள் இவள். வகுப்பே அதிர்ந்தது. குறும்பு எனக்கு அம்மா வழிச் சொத்து.

"பயப்படக்கூடத் தெம்பில்ல, போடி" என்று அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். பல்லியை என் அலமாரியில் வைத்துவிட்டேன். அதுவும் ஓய்வு பெறட்டும்.

மெ.

ஆகஸ்ட் 8, வெள்ளி

என் பேட் பாக்கெட்டைக் காணோம். புதுசு, பிரிக்கவே இல்லை. வீட்டில் இருப்பது ரெண்டு பெண்கள். ஒருத்தி நான். நான் திருடவில்லை.

"பேட் இல்லாம நான் எப்படிம்மா பேட்டிங் எறங்குறது?"

"வாங்கித் தாரேன். கத்தாத."

"உனக்குத்தான் மூணாந்தேதியே முடிஞ்சிருச்சே!"

அம்மா கதவைச் சாத்திக்கொண்டாள். குளியலறைக்குள் வாளியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

மெ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எங்கள் கொட்டகையில் தள்ளுபடி விற்பனை. அதாவது நனைத்து உலர்த்திய பச்சரிசியில் படி குறைகிறது என்று அத்தை என்னை முறைத்தாள். "இவதான் குருவிக்கும் அணிலுக்கும் அள்ளிப் போடுறா." நான் அணில்களைக் கேலி செய்வேனே தவிர, சோறு போட்டதில்லை.

திருடனைப் பிடிக்கப் பொறி வைத்தேன். நிழலில் துணி விரித்துப் பரப்பியிருந்த அரிசியில் விரலால் 'திருடா கையை எடு' என்று எழுதிவிட்டுக் கதவிடுக்கில் நின்றேன். பத்து நிமிஷத்தில் திருடன் வந்தான். மெரூன் நைட்டி போட்டிருந்தான். 'திருடா'வைத் தாண்டிக் 'கையை'யில் கை வைத்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான். கண்ணை மூடி மென்றான். அப்புறம் இன்னொரு பிடி.

"பச்சரிசி தின்னா கல்யாணத்துல மழை பெய்யும்னு என்னையத் திட்டுவ. நீ தின்னா?"

அம்மா திடுக்கிட்டாள். அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு, "என் கல்யாணந்தான் பதினெட்டு வருசத்துக்கு முன்னாடியே முடிஞ்சிருச்சே, இனிமே பெஞ்சா என்ன?" என்றாள். "என்னமோ தெரியல, அந்த வாசனைக்கு மனசு ஏங்குது. அத்தைகிட்டச் சொல்லிராத."

சொல்லவில்லை. அணில்தான் தின்றது என்று ஒப்புக்கொண்டேன்.

மெ.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பச்சை நைட்டி! மெரூனுக்கு விடுப்பு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நல்ல நாள். அம்மா என் சைக்கிள் பெல்லைக் கழற்றி ஒளித்து வைத்துவிட்டு, "தெருவுல ஒரு பெல் அனாதையாக் கெடந்துச்சு, உன்னோடதா?" என்று கேட்டாள். சாயங்காலம் முருங்கைக்காய் சாம்பார். வயிற்றைப் பார்த்து, "என்னம்மா, உள்ள அதிரச மாவு எதுவும் ஊற வச்சிருக்கியா?" என்றேன். கொஞ்ச நாளாகவே கீழ்வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வருகிறது. "வாயு" என்றாள். வாயு பகவான் எங்கள் வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதம் இருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெள்ளிக்கிழமையிலிருந்து மறுபடி மெரூன். பதிவேட்டில் மூன்று நாளாக 'மெ' போட்டிருக்கிறேன்.

காலையில் கொட்டகைக்குள் போனால், அம்மா கிரைண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதன் விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு. "என்னம்மா, கிரைண்டருக்கு ஆறுதல் சொல்றியா?" என்றேன். திரும்பவில்லை. கழுத்தில் வேர்வை. அப்புறம் நிமிர்ந்து, "நாளைக்குப் பாகு வைக்கணும். வெல்லத்தத் தட்டு" என்றாள்.

29ஆம் தேதி கல்யாணச் சீருக்கு இருநூற்றொரு அதிரசம். தட்டிக் கொடுக்க நான் இருந்தாக வேண்டுமாம். என் வகுப்புத் தோழி ஜெனிபர் வீட்டில் புது கேரம் போர்டு வாங்கியிருக்கிறார்கள். எனக்கு விடுதலை வேண்டும். ஒரு யோசனை இருக்கிறது.

மெ.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அந்த யோசனையைப் பற்றி எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

காலையில் பென்சிலை எடுத்துக் காலண்டரில் நானே புள்ளி வைத்தேன். 22லிருந்து 26 வரைக்கும் அஞ்சு. அம்மாவின் புள்ளி மாதிரியே சின்னதாக, கட்டத்தின் இடது மூலையில். அத்தை பார்ப்பாள், ஆர்டரை வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவாள், நான் கேரம் ஆடப் போவேன். அவ்வளவுதான் திட்டம்.

அத்தை வந்தாள். காலண்டரைப் பார்த்தாள். நேராகப் போய் நேற்று பாகு ஊற்றிப் பிசைந்து வைத்திருந்த மாவுத் தூக்கைத் திறந்தாள்.

"வடிவு, இதென்ன? 22லேருந்தா? அப்ப இந்த மாவ எந்தக் கையால கிண்டின?"

அம்மா காலண்டரைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தை நான் அதற்கு முன்னால் அப்படிப் பார்த்ததில்லை. அரிசி மாவுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

"இல்ல மதினி, இது இந்தப் பிசாசு வேல. நான் வைக்கல. என் நாளு இருபத்தெட்டுல. நீங்களே பாருங்க." ரப்பரை எடுத்து அஞ்சு புள்ளியையும் அழித்தாள். பேப்பர் கிழிகிற மாதிரி அழித்தாள். அப்புறம் என் கன்னத்தில் ஒன்று விட்டாள். பிறந்ததிலிருந்து முதல் அடி.

அத்தைக்குத் திருப்தி. "வெளையாட்டுக்கும் ஒரு அளவு வேணும்டி. சாமி குத்தமாயிரும்" என்று காதைத் திருகிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் துணி அலசப் போனபோது மூலையில் ஒரு வாளி. மேலே தட்டுப் போட்டு மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தேன். பழைய புடவைத் துண்டுகள். எத்தனை என்று எண்ணவில்லை. தண்ணீரின் நிறத்தை எழுதவில்லை.

அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"எப்பருந்தும்மா?"

அம்மா தட்டை வாங்கி வாளியை மறுபடி மூடினாள். "வெள்ளிக்கிழமையிலருந்து."

வெள்ளிக்கிழமை 22. நான் பொய்யாக வைத்த புள்ளி அஞ்சும் மெய்.

"அப்ப மூணாந்தேதி முடிஞ்சது?"

"எங்க முடிஞ்சுச்சு? பதினொண்ணு வரைக்கும் இருந்துச்சு. ரெண்டு வருசமா இப்படித்தான்டி. மாசத்துல பாதி நாள். எல்லாப் பொம்பளைக்கும் நாப்பதத் தாண்டினா இருக்கறதுதான். நெசமான புள்ளி வச்சா அத்தை என்னைக்குப் பாகு வைக்கச் சொல்லும்? அடுப்பத் தூக்கிட்டுப் போயிரும்." என் கன்னத்தைத் தடவினாள். கை ஜில்லென்று இருந்தது. "அத்தைகிட்ட வாயத் திறந்த, நான் செத்ததுக்குச் சமம்."

மெ.

ஆகஸ்ட் 28, வியாழன்

இருநூற்றொரு அதிரசம். நான்தான் தட்டினேன். ஒவ்வொன்றும் எண்ணெயில் இறங்கும்போது குனிந்து பார்த்தேன்.

ஒன்றுகூடப் பிரியவில்லை.

எல்லாம் சுட்டு முடித்த பிறகுதான் அம்மா காலண்டரில் இன்று முதல் புள்ளி வைத்தாள். நாளையும் மறுநாளும் வைப்பாள்.

மெ.

செப்டம்பர் 2, செவ்வாய்

மெ. பன்னிரண்டாவது நாள். எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மெரூன் இன்று கொடியில் காய்கிறது. பதினான்கு நாள் தொடர் வருகை.

கடையிலிருந்து வரும்போது அம்மா மூன்று இடத்தில் நின்றாள். முதல் இடத்தில் செருப்பைச் சரிசெய்தாள். ரெண்டாவது இடத்தில் ஒரு போஸ்டரைப் படித்தாள். மூன்றாவது இடத்தில் சாக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, சும்மா நின்றாள். மூச்சு வாங்கியது. உதடு வெள்ளையாக இருந்தது.

அப்பா போன் செய்தார். "அப்பா, அம்மாவுக்கு" என்று ஆரம்பித்தேன். அம்மா போனைப் பிடுங்கி, "ஒண்ணுமில்லைங்க, வெயில் சாஸ்தி. சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அம்மா பேர் வடிவு. வடிவு வடிந்துகொண்டே

இந்த வரியை அடித்துவிட்டேன். எல்லாச் சிலேடையும் சிரிப்பதற்கு இல்லை போல.

செப்டம்பர் 9, செவ்வாய்

அத்தையே சொல்லிவிட்டாள், "முகம் என்னடி வெளுத்துக் கெடக்கு? வா, டாக்டரப் பாத்துருவோம்" என்று. பஜாரில் ஒரு கிளினிக். அத்தை கையோடு காலண்டரைச் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். டாக்டர் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்க வேண்டுமாம்.

"தூரமெல்லாம் ஒழுங்கா வருதா?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் அத்தை காலண்டரை விரித்தாள். "மூணே நாள் டாக்டர். கடியாரம் மாதிரி. பாருங்க." ஆகஸ்டில் மூணு புள்ளி. மறுபடி மாதக் கடைசியில் மூணு. 22 முதல் 26 வரை, அம்மா அழித்த இடத்தில் மட்டும் பேப்பர் சொரசொரவென்று இருந்தது. டாக்டர் அதைப் பார்க்கவில்லை. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

இரும்புச் சத்து டானிக், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை. அம்மாவைத் தண்டவாளம் ஆக்கிவிட்டுத்தான் ஓய்வார் போல.

எதற்கெடுத்தாலும் வாயாடுகிறவள் நான். இன்று ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து ரெண்டு கன்னத்திலும் நானே அடித்துக்கொண்டேன். சத்தமில்லாமல்.

செப்டம்பர் 13, சனி

மெ.

ஒன்பது நாள்கூட விடுப்பு இல்லை.

செப்டம்பர் 17, புதன்

மெ. தீபாவளி ஆர்டர் வரத் தொடங்கிவிட்டது. அத்தை குஷியாக இருக்கிறாள். அம்மா பச்சரிசியைக் கைப்பிடியாகத் தின்பதை நிறுத்திவிட்டாள். இப்போது கிண்ணத்தில் போட்டுக்கொள்கிறாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று காலை பாகு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா பதம் பார்க்கக் கரண்டியால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டாள். உருட்டிப் பார்த்தாள். "வந்துருச்சு, மாவ எடு" என்றாள். நான் மாவை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தால் அம்மா சாய்கிறாள். அடுப்புப் பக்கம்.

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. ரெண்டு பேரும் அரிசி மூட்டை மேல் விழுந்தோம். பாகு தீய்ந்து கொட்டகை முழுக்கப் புகை. என் முழங்கையில் ஒரு கொப்புளம். அம்மா மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை. இதை மட்டும் நான் ரெண்டு தடவை எழுதுவேன். அம்மா மேல் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

அத்தை ஆட்டோ பிடித்து வந்தாள். அரசு ஆஸ்பத்திரி. பன்னிரண்டு இருக்க வேண்டிய ரத்தம் அஞ்சே முக்காலாம். "இதோட அடுப்பு முன்னாடி நின்னாங்களா?" என்று நர்ஸ் அக்கா என்னைத் திட்டினாள்.

இன்று காலை டாக்டர் வந்தார். மெஹருன்னிசா என்று சட்டையில் பெயர். காலில் கேன்வாஸ் ஷூ. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் நான்.

"மாசம் எத்தன நாள் போகுதும்மா?"

அம்மா டாக்டரைப் பார்க்கவில்லை. அத்தையைப் பார்த்தாள். "மூணு நாள்தான்."

அத்தை பையிலிருந்து அந்தக் காலண்டரை எடுத்தே விட்டாள். "கடியாரம் மாதிரி டாக்டர்."

டாக்டர் காலண்டரைப் புரட்டினார். "மூணு நாள்ல இம்புட்டு ரத்தம் எறங்காதே. அப்ப வேற எங்கயோ கசியுது. வயித்துப் புண்ணான்னு பாக்கணும். தொண்டை வழியா ட்யூப் விட்டுப் பாக்க மதுரைக்கு எழுதித் தாரேன்." பேனாவை எடுத்துவிட்டார்.

சொன்னால் அம்மா செத்ததுக்குச் சமம். சொல்லாவிட்டால் என்ன என்பதை எழுத மாட்டேன்.

பைக்குள் கையை விட்டேன். டைரியை நீட்டினேன். "இதையும் பாருங்க டாக்டர். ஓரத்துல மட்டும் பாத்தாப் போதும்."

"ஏய்" என்றாள் அம்மா. அவளால் அதற்கு மேல் சத்தம் போட முடியவில்லை.

டாக்டர் புரட்டினார். "இதென்ன 'மெ'? என் பேரா?"

"மெரூன் நைட்டி டாக்டர். கறை தெரியாது."

அவர் ஓரத்தை மட்டும் பார்க்கவில்லை. பச்சரிசி வந்த பக்கத்தில் நின்று படித்தார். கிரைண்டர் வந்த பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம். ஒரு இடத்தில் சிரித்துவிட்டார், ஸ்கூட்டியாகத்தான் இருக்கும். அப்புறம் முதல் பக்கத்துக்கு வந்து பேனா முனையால் ஒவ்வொரு 'மெ'யாகத் தொட்டு எண்ணினார். வார்டில் அத்தனை சத்தம் இருந்தும் அந்தப் பேனா தொடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

"நாப்பத்தொம்பது நாள்ல முப்பத்தொரு நாள்" என்றார்.

அத்தை காலண்டரை மெதுவாகச் சுருட்டினாள்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்று டாக்டர் அவளை அனுப்பினார். பிறகு கட்டிலில் உட்கார்ந்தே விட்டார். கட்டிகட்டியாப் போகுதா, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்த வேண்டியிருக்கா, இடுப்பு வலி தொடை வரைக்கும் இறங்குதா, நாள் வராதப்பவும் கீழ்வயிறு கனக்குதா. ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா "ஆமா" என்றாள். ரெண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த ஆமா.

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"எல்லாருக்கும் இருக்கறதுதானே டாக்டர்."

"வலி எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். கிரைண்டரக் கட்டிப் பிடிக்கிற வலி எல்லாருக்கும் இருக்காது. பச்சரிசி திங்கத் தோணுனது ருசியில்லம்மா, உடம்புல இரும்பு இல்லாம அது அலையுது."

அம்மா அழுதாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அப்புறம் ரத்த வங்கிக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் அத்தை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மடியில் என் டைரி. ஆகஸ்ட் 28ஆம் தேதி பக்கத்தில் அவள் விரல் இருந்தது.

என்னைப் பார்த்தாள். மூடினாள். தலையணை பக்கத்தில் வைத்தாள். எழுந்து போய்விட்டாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ரெண்டு பாட்டில் ரத்தம் ஏறியாயிற்று. ஸ்கேனும் எடுத்தாயிற்று. பெயர் அடினோமயோசிஸ். பதினைந்து தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், இதில் சிலேடைக்கு இடமே இல்லை.

டாக்டர் படம் வரைந்து காட்டினார். கர்ப்பப்பைக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் இருக்குமாம். மாதாமாதம் அது வளர்ந்து, கழிந்து, வெளியே போய்விடும். அம்மாவுக்கு அந்தப் படலம் பையின் தசைச் சுவருக்குள்ளேயே புகுந்து வளர்கிறது. அங்கேயும் மாதாமாதம் வீங்குகிறது, போக வழியில்லை. அதனால் சுவர் தடித்து, பை பெருசாகி, வலியும் போக்கும்.

"மாவுக்குள்ள பாகு ஏறுன மாதிரி" என்றாள் அம்மா. "ஊற ஊறத் தடிக்கும். பிரிச்சு எடுக்க முடியாது."

டாக்டர் அம்மாவையே பார்த்தார். "இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்லிர்றேன்" என்றார்.

"புத்துநோயா டாக்டர்?" என்று அம்மா ரொம்ப மெதுவாகக் கேட்டாள். அது இல்லையாம். இருந்தாலும் நாற்பதைத் தாண்டியதால் ஒரு சின்னப் பரிசோதனை எடுத்திருக்கிறார்கள், முடிவு வரும்.

"பையை எடுத்துரணுமா?"

"அது கடைசிப் பேச்சு. முதல் பேச்சு இல்ல. இப்ப மாத்திரை. ரத்தம் ஏறட்டும். அடுத்த மாசம் உள்ள வைக்கிற சின்னக் கருவி ஒண்ணு இருக்கு, அத வச்சுப் பாப்போம். எதுக்கும் கேக்காட்டி அப்புறம் பேசுவோம். ஆனா ஒண்ணு, புள்ளி ஒழுங்கா வைக்கணும்."

அத்தை இன்றும் வரவில்லை.

செப்டம்பர் 24, புதன்

அப்பா நாக்பூரிலிருந்து நிற்காமல் வந்திருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்தில் லாரி எண்ணெய் வாசனையோடு நின்றார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல வடிவு."

"சொன்னா? நீங்க அங்க ஸ்டியரிங்கப் பிடிப்பீங்களா, என் வயித்தப் பிடிப்பீங்களா?"

அப்பா சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. என்னை வெளியே கூட்டிப் போய் வடை வாங்கிக் கொடுத்தார். ரெண்டு பேரும் நின்றுகொண்டே தின்றோம்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம். கொட்டகையில் அடுப்பு இல்லை, அண்டா இல்லை. நேற்று அத்தை ஆள் அனுப்பி எடுத்துப் போய்விட்டாளாம். காலண்டர் தொங்கிய ஆணி மட்டும் இருக்கிறது.

அம்மா வாசலில் நின்று பார்த்தாள். என்னை ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு அடி விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மன்னிச்சிரும்மா."

"எதுக்கு? நீ எழுதினதெல்லாம் நெசந்தானே" என்றாள். அப்புறம் தீபாவளி வேலை எதுவும் இல்லாத வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 6, திங்கள்

பரிசோதனை முடிவு வந்தது. பயப்பட ஒன்றும் இல்லை. அப்பா தெருவுக்கே மிக்சர் வாங்கிக் கொடுத்தார். அத்தை வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கொண்டுபோனார். கதவு பூட்டியிருந்ததாம். ஸ்கூட்டி வாசலிலேயே நின்றதாம்.

அம்மா பெட்டிக்கடையில் புதுக் காலண்டர் ஒன்று வாங்கி அதே ஆணியில் மாட்டியிருக்கிறாள். வருஷம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது யார் காலண்டர் வாங்குவார்கள்? பாதி விலைக்குக் கொடுத்தானாம்.

அக்டோபர் 12, ஞாயிறு

வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் அண்டா இறங்கியது. அப்புறம் அடுப்பு. அப்புறம் இந்திராணி அத்தை.

யாரையும் பார்க்காமல் கொட்டகைக்குள் போனாள். பழக்கதோஷம், கண் ஆணிக்குப் போனது. புதுக் காலண்டர். அக்டோபர் 8லிருந்து இன்று வரைக்கும் அஞ்சு புள்ளி. பேனாவால். ரப்பருக்கு வேலையில்லை.

அத்தை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். "இன்னைக்குமா?"

"இன்னைக்குந்தான் மதினி. மாத்திரையில பாதியாக் கொறஞ்சிருக்கு. ஆனா இருக்கு."

அத்தை அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துப் பேசினாள். "எனக்கும் இப்படித்தான் கெடந்துச்சு வடிவு. எங்க மாமியா கேக்கும், எத்தன நாளுன்னு. மூணுன்னுதான் சொல்லுவேன். முப்பத்தெட்டுல ஒருநாள் விழுந்தேன். எடுத்துட்டாங்க. எதுக்கு எடுத்தாங்கன்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல. அதுக்கப்புறம் மாசம் முப்பது நாளும் சுத்தம். அந்தத் தெம்புலதான் இந்தத் தொழிலயே ஆரம்பிச்சேன்." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "இந்தக் கழுத டைரியப் படிச்சப்புறந்தான், எனக்கு என்ன இருந்துச்சுன்னு தெரியுது."

அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மூட்டை சின்னது, ரெண்டு பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"தீபாவளிக்கு எட்டு நாள்தான் இருக்கு" என்றாள் அத்தை. "நாலு வீட்ல உன் கைதான் வேணும்ங்கறாங்க."

"நின்னு சுட மாட்டேன் மதினி. ஸ்டூல் வேணும். முடியலைன்னா முடியலைன்னு சொல்லுவேன்."

"சொல்லு. ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாத."

"யாராச்சும் கேட்டா மறைக்க மாட்டேன்."

அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். போகும்போது யாரும் பார்க்காத மாதிரி அடுப்பைச் சுற்றி ஒரு கை மஞ்சத் தண்ணி தெளித்தாள். நான் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாள். விட்டுவிட்டோம்.

வாசலில் நின்று என் காதைப் பிடித்தாள். "ஸ்கூட்டிக்கு இன்னும் போன் வருதுடி."

மெ.

அக்டோபர் 13, திங்கள்

மதியம் வகுப்பில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். தயிர்சாதத்துக்கு மேல் பல்லி.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடி வந்தார். ஜெனிபர் பெஞ்சுக்கு அடியில் புகுந்துவிட்டாள். அது ரப்பர் என்று தெரிந்த பிறகும் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது, அப்புறம் அழுகையும். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. தலைமையாசிரியை அறைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். அங்கே நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

மெ. ஆனாலும் பல்லி.